மாதிரிக் கட்டத்தில் என் நம்பர்

என் மனைவி ஷிபானாவால் ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. சோறு போட்டுக்கொண்டே எழுந்து போய் எதையாவது எழுதிவிட்டு வருவாள். குளித்த ஈரத்தலையோடு ஓடிவந்து, "ஏங்க, சில போன்ல 'அடுத்து'ங்கற பட்டன் கீழ ஒளிஞ்சிக்கினு இருக்குதுங்க. மேல தள்ளினாத்தான் தெரியும். அத நான் எழுதவே இல்ல" என்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தானாம். என் மாமியார் அதை மறைத்துவிட்டார் என்ற குறை எனக்கு இன்றுவரை உண்டு.

நான் நசீர். வில்லியனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஷிபானா செய்யும் வேலைக்கு எங்கள் தெருவில் இன்னும் ஒரு பெயர் கிடைக்கவில்லை. கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். போனில் ஒரு ஆப்பை எப்படி ஏற்றுவது என்பதை, போனைக் கண்டாலே கை நடுங்குகிறவர்கூடத் தானாகச் செய்துகொள்ளும்படி ஒரே தாளில் எழுதித் தருவதுதான் அவள் வேலை. இதற்கெல்லாம் ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்டவன்தான் நானும். நீங்கள் வேண்டுமானால் எழுதிப் பாருங்கள். 'இன்ஸ்டால் செய்யவும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மீசையை முறுக்குவீர்கள். அந்த ஒரு வரிக்குள் மனுஷன் பதினொரு இடத்தில் தடுக்கி விழுவான் என்று ஷிபானா எண்ணி வைத்திருக்கிறாள்.

ஆரம்பித்துவைத்தது அவள் சின்னம்மா மெஹர் நிஷா. ஒதியம்பட்டில் இருக்கிறார், மகன் துபாயில். அவன் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு ஆப் ஏற்ற வேண்டும். "அதத் தொடு சின்னம்மா, அது இல்ல, பக்கத்துல" என்று ஷிபானா ஒரு வாரம் போனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள். கடைசியில் என் கடை மேசையில் உட்கார்ந்து படம் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே சின்னம்மா யார் உதவியும் இல்லாமல் மகனைப் பார்த்து அழுதார். அந்தத் தாள் ஒதியம்பட்டில் வீடு வீடாகச் சுற்றியது. என் கடைக்கே கொண்டுவந்து ஜெராக்ஸ் எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளை எழுதி முடித்ததும் ஒன்றும் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அவர்கள் போனைத் தொட மாட்டாள். விரல் எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரி தப்பு. படிக்கிறவர் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானாக இருந்தால் போனைப் பிடுங்கி நாலு தட்டுத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். "அதனாலதான் ஒங்ககிட்ட வந்தவங்களே திரும்பத் திரும்ப வர்றாங்க" என்பாள். அது புகழ்ச்சி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் ரிஃபாத் கடைக்கு வந்தான். எஞ்சினியரிங் முடித்துவிட்டுப் புதுச்சேரியில் மூன்று பேரோடு சின்னதாகக் கம்பெனி வைத்திருப்பவன். 'வெள்ளமணி' என்று ஒரு ஆப் செய்திருந்தான். சோரியாங்குப்பத்தில் ஆற்றுப் படுகையில் நிலமும் மாட்டுக் கொட்டகையும் வைத்திருக்கும் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களுக்காகச் செய்தது. மேலே மழை கொட்டித் தென்பெண்ணையில் தண்ணீர் வரும்போது, ஊருக்குள் மைக் கட்டிய ஆட்டோ சுற்றிச் சொல்லிவிடும். ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் கீழே இறங்கிப் புல் அறுப்பவர் காதில் அது விழாது. அதற்குத்தான் இந்த ஆப். பெயரும் நம்பரும் பதிந்துவிட்டால், தண்ணீர் வரும் நேரத்தில் அவரவர் போனுக்கே கால் வரும். மழையில் நெட் படுத்துவிடும் என்பதால் சாதாரணக் கால்.

நம்பரைச் சரிபார்க்க ஓடிபி வைத்திருந்தான். "அத எடுத்துடு தம்பி. ஓடிபி யாருக்கும் சொல்லாதேன்னு அவங்களுக்கு ஆயிரம் தடவ சொல்லி வச்சிருக்குது. பயந்துபோய் போன கீழ வச்சிடுவாங்க" என்று ஷிபானா எடுக்கவைத்தாள். அது நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன்.

தாளைச் சோதித்துப் பார்க்க ஷிபானா தேடிப் பிடித்தது ஆண்டாள் அக்காவை. ஐம்பது வயது இருக்கும். ஐந்தாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டிப் படிப்பார். முந்தின வெள்ளத்தில் படுகையில் கட்டியிருந்த சினைமாடு ஒன்று கயிற்றோடு போய்விட்டது. மிச்சம் இரண்டு மாடும் ஒரு கன்றுக்குட்டியும். அந்த மாடுகளின் பால்தான் அந்த வீட்டுச் சோறு.

'அழுத்தவும்' என்று எழுதியிருந்த இடத்தில் ஆண்டாள் அக்கா மாவு பிசைகிற மாதிரி அழுத்தினார். ஆப் படம் நடுங்கி, நகர்ந்து, காணாமலே போனது. ஷிபானா கையைப் பின்னால் கட்டிக்கொண்டே உதட்டைக் கடித்தாள். மறுநாள் 'லேசாக ஒருமுறை தொடவும்' என்று மாற்றிக் கொண்டுபோனாள். அடுத்து, 'அனுமதிக்கவா?' என்று போன் கேட்டதும் அக்கா போனைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாக்கா?" என்று பொறுக்கமாட்டாமல் நான்தான் கேட்டேன்.

"அவரு கொல்லயிலேந்து வரட்டும் பாய். அனுமதி குடுக்கறதுக்கு நான் யாரு? அப்பறம் எனுக்குத் தெரியாம இன்னா பண்ணேன்னு குதிப்பாரு."

அதற்கும் ஒரு வரி சேர்ந்தது: 'இது உங்கள் போன். நீங்களே அனுமதிக்கலாம்.' இப்படி மூன்று நாள் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் என் ஸ்கூட்டரில். அக்கா தன் மனதில் தோன்றியதைச் செய்து வழி தவறியதெல்லாம் பார்த்துவிட்டு, தாளின் உச்சியில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'படத்தில் உள்ளபடியே செய்யவும். எதையும் மாற்ற வேண்டாம்.'

கிளம்பும்போது அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மணி நிச்சியமா அடிக்குமா பாப்பா? மழ வந்தா நான் கொட்டாயிக்கும் கரைக்கும் ஓடிக்கினே கெடப்பேன். ஆத்தப் பாக்காம ஒரு வேல ஓடாது."

"அடிக்கும்க்கா. இனிமே நீ நிம்மதியா வேலயப் பாரு" என்றாள் ஷிபானா.

நம்பர் பதியும் பக்கம் மட்டும் பாக்கி. ரிஃபாத் அதைத் திருத்திக்கொண்டிருந்தான். அவன் முடித்து அனுப்பிய அன்று ஷிபானாவுக்குக் காய்ச்சல். பாயில் சுருண்டுகொண்டே எனக்கு உத்தரவு போட்டாள். "நம்பர் கட்டம் காலியா இருந்தா புரியாது. ஏதாவது மாதிரி நம்பர் போடுங்க. மாதிரின்னு பெருசா எழுதுங்க. ஆண்டாளக்காகிட்ட ஒரு தடவ காட்டிட்டு அப்பறமா பிரிண்ட் எடுங்க."

பெயர்க் கட்டத்தில் 'உங்கள் பெயர்' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். நம்பர் கட்டத்தில் என்ன போடுவது? வாய்க்கு வந்த பத்து எண்ணைப் போட்டால் அது எவனோ ஒருவனுடைய நம்பராக இருக்கும், அவன் வந்து சட்டையைப் பிடிப்பான் என்று யோசித்தேன். அப்போதுதான் என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. என் கடை நம்பரைப் போட்டேன். முப்பத்தெட்டு வீட்டில் ஓசி விளம்பரம்! 'மாதிரி' என்று ஓரமாகச் சின்ன எழுத்தில் போட்டேன், படத்தின் அழகு கெடக் கூடாதே. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. சோரியாங்குப்பம் வரை யார் போவது? ஐம்பது பிரதி எடுத்து ரிஃபாத் கையில் கொடுத்துவிட்டேன்.

காய்ச்சல் விட்டு எழுந்த ஷிபானா தாளைப் பார்த்தாள். "இது ஒங்க நம்பராச்சே?"

"கடைக்கு ஒரு விளம்பரம் ஆவட்டுமே."

"ஆண்டாளக்காகிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன்" என்றேன்.

நான் பொய் சொன்னேன். அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. முப்பத்தெட்டுப் பேரும் பதிந்துவிட்டார்கள் என்று ரிஃபாத் சந்தோஷமாகப் போன் செய்தான். அப்படியும் இவள் ஓயவில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, ஒரே ஒரு தடவை, என்று மூன்று வாரம் என் உயிரை எடுத்தாள். "ஒரு நாளாவது சும்மா குந்துடி" என்று எரிந்து விழுந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். காலையிலிருந்து விடாத மழை. இரண்டரை மணி இருக்கும், போன் அடித்தது. தெரியாத நம்பர். கட் செய்தேன். உடனே மறுபடியும். கட். லோன் வேண்டுமா என்று கேட்கிற கும்பல்தான், வெள்ளிக்கிழமைகூட விடமாட்டார்களா என்று திட்டிக்கொண்டே கட், கட், கட்.

"யாருங்க?" என்று ஷிபானா வாசலிலிருந்து கேட்டாள். மழை ஆரம்பித்ததிலிருந்து அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"எவனோ லோன்காரன்."

"ஏழு தடவயா கூப்புடுவான்?"

எட்டாவது கால் வந்தபோது போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். பதிவு செய்த குரல் பேசியது. "வெள்ளமணி. சோரியாங்குப்பம், தேவி. ஆற்றில் தண்ணீர் வருகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் படுகையை விட்டுக் கரை ஏறவும்." முடிந்த கையோடு அடுத்தது. "வெள்ளமணி. சோரியாங்குப்பம், வீரமணி. ஆற்றில் தண்ணீர்..."

ஷிபானா என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வேறு போனில் ரிஃபாத்தைப் பிடித்தாள். "கால் எல்லாம் வரிசையா போயிக்கினு இருக்குதுக்கா! ஏழு மட்டும் கட் ஆயிருக்குது. அதுக்கும் திரும்பப் போவும்" என்றான், பெருமையாக.

"எந்த நம்பருக்குப் போச்சு? ஒவ்வொண்ணா படி தம்பி."

அந்தப் பக்கம் மவுஸை உருட்டும் சத்தம் கேட்டது. அவன் திரையில் இதுவரை பெயர்களை மட்டுமே பார்த்திருக்கிறான். "அக்கா..." என்றான். "முப்பத்தெட்டும் ஒரே நம்பரு."

யாருக்காவது போன் செய்யலாம் என்றால் எங்களிடம் ஒருவர் நம்பரும் இல்லை. பதிவில் இருந்ததெல்லாம் என் நம்பர்தானே! ஆண்டாள் அக்காவுக்குத் தன் நம்பரே தெரியாது. மகள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவார், அவ்வளவுதான். பாகூர் தாலுகா ஆபீஸுக்குச் சொல்கிறேன் என்றான் ரிஃபாத். சொன்னாலும் மைக் ஆட்டோ ஊருக்குள்தானே சுற்றும்?

"நிம்மதியா வேலயப் பாருன்னு சொல்லிட்டு வந்தேங்க" என்றாள் ஷிபானா. "நான் சொல்லலன்னா அது ஆத்தப் பாத்துக்கினாவது இருந்திருக்கும். வண்டிய எடுங்க."

அந்த மழையில் ஏம்பலம் வழியாக ஸ்கூட்டரை விரட்டினேன். ரோட்டில் பள்ளம் எது மேடு எது என்று தெரியவில்லை. என் போனை அவள் ஹெல்மெட்டுக்குள் காதோரம் சொருகிக்கொண்டாள். மிச்சக் கால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, கேட்டு, பெயரை என் முதுகில் கத்தினாள். "பாக்யராஜ்! செல்வகுமாரி! முத்துசாமி!" நான் திரும்பச் சொல்ல வேண்டும், மறக்காமல் இருக்க. ஏழு பெயர்களுக்கு மட்டும் ரொம்ப நேரம் கால் வரவில்லை. நான் கட் செய்த ஏழு. பாகூர் தாண்டும்போது ஒவ்வொன்றாக வந்தது. கடைசிப் பெயர் ஆண்டாள்.

"நீங்க கட் பண்ண ஏழுல அக்காவும் ஒண்ணு" என்றாள். நான் வண்டியை இன்னும் முறுக்கினேன்.

ஊருக்குள் மைக் ஆட்டோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது. டீக்கடை ஓரம் டிராக்டரோடு நின்றிருந்த வீரமணியை ஷிபானா பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டில் ஒருவர், படுகை முழுக்க அத்துப்படி. அவள் பெயர் சொல்லச் சொல்ல அவர் விரல் மடக்கினார். "இதுல பாதிக்கு மேல வூட்லதான் கீறாங்க. மேலண்ட படுகக் கொல்லயில ஒரு பன்னெண்டு பேரு இருப்பாங்க, நான் போறேன். ஆண்டாளு கீழண்ட. அங்க டிராக்டரு எறங்காது, நீங்க ஓடுங்க" என்றார்.

கரைமேல் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினோம். ஷிபானா புர்காவை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். என் செருப்பு இரண்டாவது அடியிலேயே போய்விட்டது. ஆண்டாள் அக்கா கொட்டகை ஓரம் குனிந்து, தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, நிதானமாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா! தண்ணி வருது! மாட்ட அவுத்து வுடு!" என்று ஷிபானா கத்தினாள்.

நிமிர்ந்தவர் இடுப்பில் பிளாஸ்டிக் பையில் சுற்றி முடிந்திருந்த போனை எடுத்துப் பார்த்தார். "மணி அடிக்கலியே பாப்பா?"

"ஒன் போன் அடிக்காதுக்கா. மாட்ட அவுத்து வுடு!"

மாடுகள் மழையில் கொட்டகையை விட்டு வரமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டன. ஒன்றை அக்கா இழுக்க, இன்னொன்றை நான் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினேன். வாழ்நாளில் மாட்டைத் தொட்டவன் இல்லை நான். அதற்குள் வண்டித்தடத்தில் செந்நிறமாகத் தண்ணீர் வந்துவிட்டது. சத்தமே இல்லை. கணுக்கால் என்று நினைக்கும்போது முழங்கால். ஷிபானா கன்றுக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கரை ஏறினாள். நாங்கள் ஏறித் திரும்பிப் பார்த்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர்.

வீரமணி ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊருக்குள் இருந்தவர்களும் கரைக்கு ஓடிவந்துவிட்டார்கள். ஷிபானா மழையில் நின்றபடி முப்பத்தெட்டுப் பெயரையும் மனப்பாடமாகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக "கீறேன்" "கீறேன்" என்றார்கள். கடைசிப் பெயர் முடிந்ததும்தான் அவள் உட்கார்ந்தாள். சேற்றிலேயே உட்கார்ந்தாள். அவள் அப்படி அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஆண்டாள் அக்காவிடம் போனேன். "மாதிரிக்குன்னு என் நம்பரப் போட்டேன்க்கா. நீங்க ஒங்க நம்பரப் போட்டிருக்கணும். அத ஒழுங்கா எழுதல. தப்பு என்னுது."

அக்கா மாட்டின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னை விநோதமாகப் பார்த்தார். "தப்பு இன்னா பாய்? கேஸுக்கு என் மருமவன் நம்பரு. ரேஷனுக்கு வீரமணி நம்பரு. யாரு எடுத்துச் சொல்லுவாங்களோ அவங்க நம்பரத்தான நாங்க எதுக்கும் குடுக்கறது? நீங்களே பேப்பர்ல போட்டுக் குடுத்தீங்க, மாத்தாதீங்கன்னு எழுதியும் குடுத்தீங்க. சரி, பாய் பொறுப்பா எடுப்பாரு, எடுத்து நம்மகிட்ட சொல்லுவாருன்னு முப்பத்தெட்டு வூட்லயும் போட்டோம். சொன்னீங்கல்ல? எம்மாந்தூரத்துலேந்து வந்து சொன்னீங்க!"

ஏழு தடவை கட் செய்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. ஷிபானாவைப் பார்த்தேன். அவளும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஏம்பலம் தாண்டினோம். அப்புறம் என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "காட்டினேன்னு சொன்னீங்கல்ல" என்று மட்டும் கேட்டாள். மழை என் முகத்தில் அடித்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் அவள் புதுத் தாள் எழுத உட்கார்ந்துவிட்டாள். 'உங்கள் இடுப்பிலோ பையிலோ எப்போதும் இருக்கும் போனின் நம்பர்' என்று கட்டத்துக்கு மேலே எழுதினாள். தன் நம்பர் தெரியாதவர் பக்கத்துவீட்டுப் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து எப்படித் தெரிந்துகொள்வது என்று தனிப் படம். படத்தில் கட்டம் காலி. ரிஃபாத்திடம் சண்டை போட்டு இரண்டாவது கட்டம் ஒன்றும் வைக்கச் சொன்னாள்: 'நீங்கள் எடுக்காவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்?' தண்ணீர் வடிந்து ஒரு வாரத்தில் முப்பத்தெட்டு வீட்டுக்கும் அவளே போனாள். ஸ்கூட்டர் ஓட்டியது நான். முணுமுணுக்கவில்லை.

ஆண்டாள் அக்கா வீட்டில் ஷிபானா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நானும் கட்டிக்கொண்டேன். மிஸ்டு கால் கொடுத்துத் தெரிந்துகொண்டு, போனின் முதுகில் எழுதி ஒட்டியிருந்த நம்பரை அக்கா பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லி, தன் நம்பரை அடித்து முடித்தார். நடுவில் இரண்டு தடவை தப்பு வந்தது, அவரே அழித்து அவரே திருத்தினார். அடுத்து இரண்டாவது கட்டம். அதற்கு அவர் எதையும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. தடதடவென்று பத்து எண்ணையும் அடித்துவிட்டு நிமிர்ந்தார். என் கடை நம்பர்.

இப்போது வெள்ளிக்கிழமை மதியமானாலும் யார் கூப்பிட்டாலும் எடுக்கிறேன். போன வாரம் லோன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். கட் செய்யக் கை வரவில்லை.